அம்மன் கோயில் கிணற்றில் தானாகப் பொங்கும் தண்ணீர்: மூடலாமா?

கேள்வி: ஐயா, மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தில், பந்திங்குக்கும் மோரிப்புக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். கடல் இங்கிருந்து 4 கிலோமீட்டர். கோயிலுக்குத் தண்ணீர் போதாமல், பின்பக்கம் ஒரு குழாய்க் கிணறு போட்டோம். 46 மீட்டரில் மணல் வந்தது. மோட்டார் வாங்குவதற்கு முன்பே தண்ணீர் தானாக மேலே வந்துவிட்டது. மூன்று மாதமாக இரவும் பகலும் ஓடி, கால்வாயில் போய்ச் சேர்கிறது. 20 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிறது. குழாயை ஆள் உயரத்துக்கு நீட்டிப் பார்த்தோம், அதன் வாயிலும் சொட்டியது. அம்மன் கொடுத்த தண்ணீர், மூடக்கூடாது என்கிறார்கள் பெரியவர்கள். மூடினால் நிலம் வெடிக்கும் என்கிறார் ஒருவர். அடியில் ஆறு ஓடுகிறது, வற்றவே வற்றாது என்கிறார் இன்னொருவர். பக்கத்து வீட்டு மாமா அதே ஆழத்துக்குப் போட்ட கிணற்றில் பொங்கவில்லை. எங்கள் கிணற்றிலும் ஒரு நேரம் அதிகமாகவும் ஒரு நேரம் குறைவாகவும் வருகிறது. தண்ணீர் கண்ணாடி போல வந்து, வாளியில் நின்றால் சிவந்து போகிறது. லேசாக அழுகிய முட்டை நாற்றமும் உண்டு. குடிக்கலாமா? மூடலாமா? (ஆலய நிர்வாகக் குழுச் செயலாளர், வயது 34. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

பதில்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மூடலாம், மூடத்தான் வேண்டும். ஆனால் இந்தப் பதிலைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய் ஒரு மூடியை வைத்து இறுக்கிவிடாதீர்கள். எப்படி மூடுவது என்பதில்தான் ஆபத்தும் இருக்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது. அதற்கு முன்னால், அந்தத் தண்ணீர் ஏன் மேலே வருகிறது என்பது உங்கள் குழுவில் எல்லாருக்கும் புரிந்தாக வேண்டும். அது புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

நான் வளர்ந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில். துரை பங்களா இருந்த மேட்டில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. அங்கிருந்து இரும்புக் குழாய் மண்ணுக்கடியில் இறங்கி வந்து, லயத்துக்கு ஒரு பொதுக் குழாய் என்று தண்ணீர் கொடுக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் அந்தக் குழாயில் ஓர் இணைப்பு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் என் தோள் உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கும். யாரும் பம்பு வைக்கவில்லை. மேட்டில் இருக்கும் தண்ணீரின் கனம் குழாய் வழியாகக் கீழே அழுத்துகிறது, ஓட்டை கிடைத்த இடத்தில் அந்த அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது, அவ்வளவுதான். உங்கள் கோயில் கிணறு அந்த ஓட்டைதான்.

மேட்டுத் தொட்டி எங்கே, குழாய் எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் பட்டணத்தின் கீழே முதலில் இருப்பது கடல் களிமண். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இப்போதைவிட உள்ளே ஏறியிருந்த காலத்தில் படிந்த சாம்பல் நிறச் சேறு அது. தோண்டும்போது சிப்பி ஓடுகள் வந்திருந்தால் அதுதான். அதன் கீழே மணலும் சரளையும். அதற்கும் முந்திய காலத்து ஆறுகள் மலையிலிருந்து அடித்துக்கொண்டு வந்து போட்டவை. தண்ணீர் மணலுக்குள் எளிதாக நகரும், களிமண்ணுக்குள் நகராது என்றே சொல்லலாம். ஆக மணல் அடுக்கு ஒரு குழாய் மாதிரியும், மேலே உள்ள களிமண் அந்தக் குழாயின் சுவர் மாதிரியும் ஆகிவிடுகிறது. உள்நாட்டுப் பக்கம், லங்காட் ஆற்றின் மேற்புறமாகப் போகப் போக நிலம் மெல்ல உயர்கிறது. களிமண் மூடாமல் மணல் வெளியே தலைகாட்டும் மேட்டு நிலங்களில் மழைநீர் உள்ளே இறங்குகிறது. நம் பக்கம் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அந்த மேட்டு நிலம்தான் தொட்டி. அங்கே இறங்கிய தண்ணீர் களிமண்ணுக்குக் கீழே அடைபட்டு, கடல் பக்கம் நகர்ந்து வந்து, மேலே ஏற வழியில்லாமல் அழுத்தத்தோடு நிற்கிறது. நீங்கள் 46 மீட்டர் துளை போட்டு வழி கொடுத்தீர்கள்.

இப்படி அடைபட்ட நீருக்குப் போடும் கிணற்றை ஆர்ட்டீசியன் கிணறு என்பார்கள். பிரான்ஸின் வடக்கே ஆர்த்துவா என்ற பகுதியில் 12-ஆம் நூற்றாண்டிலேயே துறவிகள் இந்த மாதிரிக் கிணறு போட்டார்கள், பெயர் அங்கிருந்து வந்தது. பாரிஸில் கிரெனெல் என்ற இடத்தில் 1833-இல் துளை போட ஆரம்பித்து, 548 மீட்டர் போய், 1841-இல்தான் தண்ணீர் பொங்கியது. எட்டு ஆண்டு! உங்களுக்கு 46 மீட்டரிலேயே கிடைத்துவிட்டது.

அடியில் ஆறு ஓடுகிறது என்ற பேச்சை விட்டுவிடுங்கள். பூமிக்குள் ஆறு ஓடும் இடங்கள் உண்டு. கோப்பெங் பக்கம் குவா தெம்புரோங் குகைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள், அது சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்து உண்டாக்கிய வழி. உங்கள் நிலத்தில் அப்படி எதுவும் இல்லை. அங்கே இருப்பது மணல், மணல் துகள்களுக்கு நடுவில் இருக்கும் சின்னச் சின்ன இடைவெளியில் தண்ணீர். அது நகரும் வேகத்தை ஒரு கணக்காகச் சொல்கிறேன். நல்ல மணலில், ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு இருந்தால், தண்ணீர் ஒரு நாளைக்குச் சுமார் 8 சென்டிமீட்டர் நகரும். ஆண்டுக்கு 30 மீட்டர்கூட முழுதாக வராது. 20 கிலோமீட்டர் தள்ளி இறங்கிய மழை உங்கள் கோயிலுக்கு வந்து சேர ஏறக்குறைய 700 ஆண்டு ஆகும். மலாக்கா சுல்தானகம் தோன்றுவதற்கு முன் பெய்த மழை! ஆனால் அழுத்தம் அப்படி ஊர்ந்து வருவதில்லை. தண்ணீர் நிறைந்த ரப்பர் குழாயில் ஒரு முனையில் குழாயைத் திறந்தால் மறுமுனையில் உடனே கொட்டுகிறதே, திறந்த முனையில் புகுந்த தண்ணீரா அது? இல்லை, ஏற்கெனவே மறுமுனையில் இருந்தது. அதே மாதிரிதான். உங்கள் கிணற்றில் வருவது பழைய தண்ணீர், அதைத் தள்ளுவது இன்றைய அழுத்தம்.

சரி, மாமாவின் கிணறு. அவர் கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு கயிற்றில் சின்னக் கல்லைக் கட்டி இறக்கிப் பாருங்கள். 46 மீட்டர் ஆழத்து மணலைத் தொட்ட கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து ஒரு மீட்டரோ இரண்டு மீட்டரோ கீழே வந்து நின்றால், அதுவும் ஆர்ட்டீசியன் கிணறுதான். நாற்பது மீட்டருக்கு மேல் தானாக ஏறி வந்திருக்கிறதே! தரைக்கு மேலே வந்து வழிந்தால்தான் அந்தப் பெயர் என்பது பலருக்கும் இருக்கும் தவறான எண்ணம். உங்கள் கிணற்றில் தண்ணீர் தரைக்கு மேல் ஆள் உயரம், அதாவது சுமார் 1.8 மீட்டர் வரை ஏறுகிறது. மாமாவின் வீட்டு நிலம் கோயில் நிலத்தைவிட இரண்டு மீட்டர் மேடாக இருந்தால் போதும், அங்கே பொங்காது. அழுத்தத்தின் மட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றேதான், தரைதான் வேறு. நிலம் ஒரே சமமாக இருந்தும் அவர் கிணற்றில் தண்ணீர் மிகவும் கீழே நின்றால், தோண்டும்போது விட்ட சேறு வடிகட்டிக் குழாயின் கண்களை அடைத்திருக்கலாம். அதை மறுபடி கழுவிவிடச் சொல்லலாம்.

ஒரு நேரம் அதிகமாகவும் ஒரு நேரம் குறைவாகவும் வருவதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பலர் இதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வையுங்கள். அதிகமாக வரும் நேரம் ஒரு நாளில் இரண்டு முறை வந்து, தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளித் தள்ளிப் போனால், காரணம் கடல். மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்குகிறது. கடல் ஏறும்போது அந்தத் தண்ணீரின் கனம் கடலடிக் களிமண்ணை அமுக்குகிறது, களிமண் கீழே இருக்கும் மணல் நீரை அமுக்குகிறது, அந்த அமுக்கம் கரைக்கு உள்ளே கிலோமீட்டர் கணக்கில் வந்து உங்கள் குழாயில் தெரிகிறது. கடல் நீர் உங்கள் கிணற்றுக்குள் வந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பாரம் மட்டும்தான் வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் கூடும். கோயிலில் இருப்பவர்களுக்கு அந்த நாட்களை நினைவு வைத்துக்கொள்ள நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய மழைக்கு முன் காற்றழுத்தம் குறையும்போதும் இப்படிப்பட்ட கிணறுகளில் நீர்மட்டம் கொஞ்சம் உயரும். களிமண்ணுக்குக் கீழே அந்த நீர் நன்றாக அடைபட்டிருக்கிறது என்பதற்கு இதெல்லாம் நல்ல சாட்சி.

இப்போது வற்றுமா என்ற கேள்வி. இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

மறுபடி அந்தத் தோட்டத்துக் குழாய்க்கு வாருங்கள். மத்தியானத்தில் பால் வெட்டி முடித்து எல்லாரும் லயத்துக்குத் திரும்புவார்கள். எல்லா லயத்திலும் குழாய் திறந்திருக்கும். அந்த நேரத்தில் ஆயாக் கொட்டகை ஓட்டையில் தண்ணீர் என் கணுக்கால் உயரத்துக்குக்கூட வராது. மேட்டுத் தொட்டி அப்போதும் ஏறக்குறைய நிறைந்துதான் இருக்கும். தண்ணீர் தீர்ந்துபோகவில்லை, பல வாய்களில் ஓடியதால் அழுத்தம் விழுந்துவிட்டது. நிலத்தடியிலும் இதுதான் நடக்கிறது. தண்ணீர் வற்றுவதற்கு வெகு காலம் முன்பே அழுத்தம் போய்விடும். ஒரு நாள் காலையில் பார்த்தால் குழாய் வாயில் பொங்கிய தண்ணீர் தரைக்குக் கீழே நிற்கும். அன்று முதல் மோட்டாருக்கு மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும்.

அழுத்தம் ஏன் அவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. களிமண் மூடாத சாதாரண மணலில் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், மணலிலிருந்து சுமார் 2,00,000 கன மீட்டர் தண்ணீர் வடியும். மணல் காலியாகி அந்த இடத்தில் காற்று புகுகிறது, அதனால் அவ்வளவு. அடைபட்ட மணலில் அப்படி எதுவும் காலியாவதில்லை. அழுத்தம் குறையும்போது தண்ணீர் துளியளவு விரிகிறது, மணல் துளியளவு நெருங்குகிறது, அந்தக் கொஞ்சம்தான் வெளியே வருகிறது. அதே ஒரு சதுர கிலோமீட்டர், அதே ஒரு மீட்டர் இறக்கம், ஆனால் கிடைப்பது 500 கன மீட்டர் மாதிரிதான். உங்கள் கிணறு நிமிடத்துக்கு 20 லிட்டர், அதாவது ஒரு நாளைக்கு 28,800 லிட்டர் (28.8 கன மீட்டர்) கொட்டுகிறது. மேட்டிலிருந்து புதிதாக எதுவும் வந்து சேராவிட்டால் அந்த 500 கன மீட்டரை 17, 18 நாளில் தீர்த்துவிடும். நல்ல வேளையாக மேட்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, சுற்றுப்புறத்திலிருந்தும் வருகிறது, அதனால்தான் மூன்று மாதமாகத் தாக்குப்பிடிக்கிறது. நாளைக்கு இன்னும் நாலு பேர் உங்களைப் பார்த்து நாலு கிணறு போட்டு, அவர்களும் திறந்துவிட்டால் தாக்குப்பிடிக்காது.

அந்த 28,800 லிட்டர் என்பது நூறு பேருக்கு மேல் ஒரு நாள் வீட்டு உபயோகம். அதைக் கால்வாய்க்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள் தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு மனசு கேட்கவில்லை, சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டார்கள். அங்கே 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புக்கு, அந்த நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், இப்படி அடைபட்ட நீர் இருக்கிறது. பெரும் ஆர்ட்டீசியன் படுகை என்று பெயர். 1878-இல் முதல் கிணறு பொங்கியது. ஆட்டு மந்தைக்காக ஆளுக்கு ஒன்று போட்டு, மூடாமல், மண் வாய்க்காலில் கிலோமீட்டர் கணக்கில் ஓடவிட்டார்கள். வாய்க்காலில் போன தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் வெயிலிலும் மண்ணிலும் போனது, ஆடுகள் குடித்தது மிச்சம். அழுத்தம் விழுந்து எத்தனையோ கிணறுகள் பொங்குவதை நிறுத்தின, இயற்கையாக இருந்த ஊற்றுகளும் காய்ந்தன. பிறகு 1999-இலிருந்து அரசாங்கமே பணம் போட்டு, கிணறுகளுக்கு வால்வு மாட்டி, வாய்க்காலுக்குப் பதில் குழாய் போட உதவியது. அப்படிச் செய்த பல இடங்களில் அழுத்தம் திரும்ப ஏறியது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசிப் பகுதிதான். மூடினால் திரும்ப வருகிறது.

அழுத்தம் போனால் மோட்டார் வாங்கிக்கொள்வோம் என்று குழுவில் யாராவது சொல்லலாம். உங்கள் ஊருக்கு அது போதாது. கடல் 4 கிலோமீட்டர்தான். நிலத்தடி நீர் கடலைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை உப்புநீர் வெளியே நிற்கும். தள்ளுவது குறைந்தால் உப்பு மெல்ல உள்ளே நகரும். ஒருமுறை உப்பு ஏறிய மணலைக் கழுவி எடுப்பது நம் ஆயுளில் நடக்கிற வேலை இல்லை. இன்னொன்று, மேலே உள்ள களிமண்ணின் பாரத்தில் ஒரு பங்கை அந்த நீரழுத்தம்தான் தாங்குகிறது. அழுத்தம் பெரிய அளவில் குறைந்தால் களிமண் நீரை இழந்து அமுங்கும், மேலே நிலம் இறங்கும். ஜாகர்த்தாவும் பேங்காக்கும் தரை இறங்கியதற்கு நிலத்தடி நீரை அளவில்லாமல் இறைத்தது பெரிய காரணம். ஒரு கோயில் கிணற்றால் பந்திங் இறங்கிவிடாது. ஆனால் கடலோரத்தில் எல்லாருடைய கிணறும் ஒரே மணலில்தான் வாய் வைத்திருக்கிறது.

நிலம் வெடிக்கும் என்று பயமுறுத்துபவருக்கு இதைக் காட்டுங்கள். தண்ணீர் 10 மீட்டர் உயரம் நின்றால் அதன் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. உங்கள் கிணற்றில் 1.8 மீட்டர், அதாவது 0.18 கிலோ. உங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் வரும் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு. அதைத் தினமும் கையால் மூடுகிறோம். அழுத்தம் நிஜமாகவே மிரட்டும் இடம் நம் பெரியவர்கள் பலருக்குத் தெரிந்த நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அடைபட்ட நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. இறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் தரையையே உடைத்துக்கொண்டு வரும், அதனால் இரவு பகலாகப் பம்பு ஓடுகிறது. அந்த நிலக்கரியே ஆர்ட்டீசியன் நீரால்தான் கண்ணில் பட்டது. 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு போட்டபோது, பொங்கிய தண்ணீரோடு கருப்புத் துகள்கள் வந்தன. உங்களுடையது அதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் அவர் பயத்தில் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடலோரத் தென்னந்தோப்பு ஒன்றில் இதே மாதிரிக் கிணறு. தோண்டியவர்கள் குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவில் சிமெண்டு ஊற்றாமல் போயிருந்தார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் வால்வை ஒரே திருப்பாக மூடச் சொன்னேன். மறுநாள் காலையில் குழாயைச் சுற்றி மூன்றடி தூரத்தில் மணலும் சேறுமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வழி அடைபட்டதும் தண்ணீர் குழாயின் வெளிப்பக்கமாக ஏறி வந்து, மணலையும் அரித்துக்கொண்டு வந்தது. ஒரு வாரத்தில் அங்கே தரை உள்வாங்கியது. அந்தத் தோப்புக்காரரின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் முதலிலேயே அவசரப்படாதீர்கள் என்றேன்.

தோண்டியவரைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். களிமண் எத்தனை மீட்டர் வரை இருந்தது, வெளிப்பக்கம் சிமெண்டு எதுவரை ஊற்றினார். அவரிடம் தோண்டிய குறிப்பு இருக்க வேண்டும், எழுத்தில் வாங்குங்கள். சிமெண்டு களிமண்ணுக்குள் பல மீட்டர் இறங்கியிருந்தால் தைரியமாக மூடலாம். ஊற்றவில்லை என்றால் முதலில் அதைச் செய்தாக வேண்டும். செய்யத் தெரிந்த ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும். மேலே வந்துகொண்டிருக்கும் தண்ணீருக்கு எதிராகச் சிமெண்டு ஊற்றுவது சாதாரண வேலை இல்லை. வெயிலில் நிற்கும் மேல்பகுதி பிவிசி குழாய் என்றால் அதையும் மாற்றச் சொல்லுங்கள், வருடக்கணக்கில் வெயில் பட்டால் நொறுங்கும்.

வால்வு கேட் வால்வாக இருக்கட்டும், சக்கரம் மாதிரிச் சுற்றி மெதுவாக மூடுகிற வகை. ஒரே தட்டில் மூடும் பால் வால்வு வேண்டாம், ஓடும் தண்ணீர் சட்டென்று நின்றால் குழாயும் அடியிலுள்ள மணலும் அதிரும். வால்வுக்குக் கீழே ஓர் அழுத்தமானி. இதை வாங்கும்போது 0-வில் தொடங்கி 1 கிலோ வரை காட்டும் மானியாகக் கேளுங்கள். கடையில் கேட்காமலே 10 கிலோ மானியைக் கொடுத்துவிடுவார்கள், அதில் உங்கள் 0.18 கிலோவுக்கு முள் அசைவதே தெரியாது. மூடுவதை ஒரு நாள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கால் பங்கு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் கால் பங்கு, இப்படி. ஒவ்வொரு முறையும் குழாயைச் சுற்றி ஐந்து மீட்டருக்கு நடந்து பாருங்கள். புதிதாக ஈரம், குமிழி, மண் இளகுவது எதுவாவது தெரிந்தால் உடனே திறந்துவிடுங்கள், பிறகு என்னைக் கூப்பிடுங்கள். முழுதாக மூடியதும் மானி காட்டுவதை எழுதி வையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை, கடல் அதே அளவு ஏறியிருக்கும் நேரத்தில், எழுதிக்கொண்டே வாருங்கள். அந்த நோட்டுப் புத்தகம் உங்கள் பட்டணத்துக்கே உபயோகப்படும்.

குடிப்பது பற்றி. இப்போதைக்கு வேண்டாம். சிவப்பது இரும்பு. காற்றே படாத ஆழத்தில் இரும்பு தண்ணீரில் கரைந்து, நிறம் இல்லாமல் இருக்கும். மேலே வந்து காற்று பட்டதும் துருவாகிப் படியும். நம் நாட்டில் குடிநீருக்கு இரும்பு லிட்டருக்கு 0.3 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வாளி சிவக்கிறது என்றால் உங்களுடையது பெரும்பாலும் அதைத் தாண்டியிருக்கும். முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு, களிமண்ணில் புதைந்த இலை தழைகளிலிருந்து நுண்ணுயிரிகள் உண்டாக்குவது. இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றே. துளை போட்ட தட்டுகளை அடுக்கி, தண்ணீரை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மழை மாதிரி விழவிட்டு, பிறகு மணல் வடிகட்டியில் விட வேண்டும். நாற்றம் காற்றில் போகும், இரும்பு மணலில் தங்கும். அதற்குப் பிறகும் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் இரும்பு, மாங்கனீசு, ஆர்செனிக், குளோரைடு, அம்மோனியா, கிருமி எல்லாம் பார்த்த பின்தான் வாயில் வைக்கலாம். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். இரும்பும் உப்பும் ஆர்செனிக்கும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதிகமாகும். வடிகட்டாமல் அபிஷேகத்துக்கும் எடுக்காதீர்கள், கருங்கல்லிலும் வேட்டியிலும் கறை ஏறினால் போகாது.

இதைக் கவனமாகப் படியுங்கள். புதைந்த தழையும் கரிமண்ணும் இருக்கும் இடத்தில் மீத்தேன் வாயுவும் தண்ணீரோடு வரலாம். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தண்ணீரில் சோடா மாதிரிச் சின்னக் குமிழிகள் தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் சேர்ந்தால் ஒரு பொறி போதும். அம்மன் தண்ணீர் என்று குழாய்க்கு முன்னால் கற்பூரம் ஏற்றுகிறார்கள் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வாயு சோதனை முடியும் வரை கிணற்றைச் சுற்றி நாலு பக்கமும் அடைத்த அறை எதுவும் கட்ட வேண்டாம், தண்ணீர்த் தொட்டியின் மேல்பக்கம் காற்றோட்டம் இருக்கட்டும். நெருப்புக்குச்சி பற்ற வைத்துச் சோதிப்பது வேண்டவே வேண்டாம். வாயு பார்க்கும் கருவி உள்ளவரை வரவழையுங்கள்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. சிலாங்கூரில் நிலத்தடி நீரை எடுக்க 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி லுவாஸ் என்கிற மாநில நீர் நிர்வாக வாரியத்தின் உரிமம் வேண்டும். விண்ணப்பம் போட்டுவிடுங்கள், கோயில் கிணறு என்று தள்ளி வைக்காதீர்கள். கனிமவள, புவியறிவியல் துறையின் மாநில அலுவலகத்திலும் கிணற்றின் விவரத்தைக் கொடுங்கள். மாமாவோ வேறு யாரோ அடுத்த கிணறு போடுவதாக இருந்தால், 46 மீட்டரில் பொங்கும் என்று தோண்டுபவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். களிமண்ணுக்குள் வெளிக்குழாயை இறக்கிச் சிமெண்டு இறுகிய பிறகுதான் மணலைத் தொட வேண்டும். உங்கள் ஊர் அழுத்தத்துக்கு, தண்ணீரைவிட ஐந்து முதல் பத்து சதவீதம் கனமான, தோண்டும்போது துளைக்குள் விடும் சாதாரணச் சேறே அதைத் தடுத்து நிறுத்திவிடும்.

பெரியவர்களிடம் என்ன சொல்வது என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். அம்மன் கொடுத்தது என்று அவர்கள் சொல்வதை மறுக்காதீர்கள், நானும் மறுக்க மாட்டேன். கொடுத்ததைக் கால்வாயில் விடாமல் வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று சொல்லுங்கள். கோயில் வாசலில் கால் கழுவுவதற்கு ஒரு குழாய் இழுத்துவிடுங்கள். அதன் வாய் தரையிலிருந்து முக்கால் மீட்டருக்கு மேல் போகாமல் இருக்கட்டும், இழுக்கும் குழாய் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். மோட்டார் இல்லாமலே வரும், திறந்தவர் மூடிவிட்டுப் போகலாம்.